சுங்கம், பாக்கி

குனிந்து நன்றாகவே பாருங்கள்.
இடது பின்சக்கரத்துக்கு மேலே இரண்டு விரல் துரு,
அதன் மேல் நான் வண்ணம் பூசவில்லை.
மற்றதெல்லாம் இந்த வாரத்துச் சேறு.

நகோயாவிலிருந்து கப்பலில், பிறகு ரயிலில்
பதினோரு வயதில் உலான்பாத்தர் வந்த ப்ரியஸ்.
மீட்டர் அப்போது எண்பத்தேழாயிரம் என்றது,
நம்பினேனா என்று கேட்காதீர்கள்.
இப்போது மூன்று லட்சத்து நாற்பத்திரண்டாயிரம்.
நடுவில் இருப்பதற்கு நான் சாட்சி.

கணக்கு நோட்டு இருக்கைக்கு அடியில்.
ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை எனக்கு,
வாரம் ஒருமுறை குப்பிகளோடு தார்கான் போய்வர.
எழுதாத எண்ணை நான் எண்ணென்று ஒப்புவதில்லை.
எஞ்சின் ஆயில் ஏழாயிரத்துக்கு ஒருமுறை.
ஒரே ஒரு தடவை பத்தாயிரம் ஆகியிருக்கும்,
அந்தப் பக்கத்தில் வேறு கையெழுத்து.
பால் ஜாயிண்ட் மூன்று முறை:
அது வண்டியின் குற்றமல்ல, சாலையின் குற்றம்.

ஹைப்ரிட் பேட்டரிக்குள் இருபத்தெட்டுக் கட்டிகள்.
ஒரு ஜனவரியில் ஆறாவது செத்தது.
முழுசாக மாற்ற என் நான்கு மாதச் சம்பளம்.
மெக்கானிக் சோய்தோக், நசுங்கிக் கிடந்த
இன்னொரு ப்ரியஸின் வயிற்றைத் திறந்து
ஒரே ஒரு கட்டியை எடுத்து இதில் வைத்தார்.
யாரோ கவிழ்ந்த வண்டியில் மிச்சமிருந்த தெம்பு
ஆறு குளிர்காலமாக இதில் ஓடுகிறது.
கூலிக்கு ஓர் ஆட்டுத்தொடை கேட்டார்,
அதையும் உதிரிபாகம் என்றே எழுதியிருக்கிறேன்.

மைனஸ் முப்பத்தெட்டில்
எதிர்க் குடியிருப்பின் ஜெர்மன் ஜீப்புக்கு அடியில்
நெருப்புச் சட்டி வைத்துக் கெஞ்சுவார்கள்.
இதற்கு ஒரு கம்பளிப் போர்வை, ஒரு பொத்தான்.
பெருமைக்குச் சொல்லவில்லை,
பெட்ரோல் பக்கத்தைப் புரட்டுங்கள்:
நூறு கிலோமீட்டருக்குக் குளிரில் ஏழு லிட்டர்,
கோடையில் ஐந்துக்கும் கீழே.

ஸ்டீயரிங் வலப்புறம்.
நம் சாலையில் லாரியை முந்த வேண்டுமானால்
பக்கத்து இருக்கையைக் கேட்க வேண்டும்,
எதிரே ஏதாவது வருகிறதா என்று.
ஷாரவ் போன பிறகு நான் எதையும் முந்தவில்லை.
பிரேக் கட்டைகள் அதனால்தான் புதுசு மாதிரி.

இன்னொன்று.
பொத்தானை அழுத்தியதும் ஒரு பெண் பேசுவாள்,
ஜப்பானிய மொழியில்,
தினமும் அதே வாக்கியம், அதே பணிவு.
தனியாக ஓட்டிய முதல் குளிர்காலத்தில்
நலம் விசாரிக்கிறாள் என்று வைத்துக்கொண்டேன்.
இருக்கிறேன் என்பேன்.
சில நாள் கொஞ்சம் கூடவும் சொல்லியிருக்கிறேன்,
பின்னால் ஐம்பது பேரின் ரத்தம்
கலகலத்துக்கொண்டு கேட்க.

போன வருடம் கூடத்துக்கு இயந்திரம் பொருத்த வந்த
ஒசாகாக்காரர் இதில் ஏறியதும் சிரித்தார்.
"சுங்கச்சாவடி அட்டை செருகப்படவில்லை."
இதைத்தான் சொல்கிறாளாம்.
ஏழு வருடம் நான் பதில் சொன்னது
பாக்கி கேட்டவளுக்கு.
அன்றிரவு நோட்டில் ஒரு வரி சேர்த்தேன்:
சுங்கம், பாக்கி.
தொகை எழுதும் கட்டம் காலியாகவே இருக்கிறது.

ஏன் விற்கிறாய் என்று நீங்கள் இன்னும் கேட்கவில்லை.
தார்கானிலேயே பரிசோதனைக் கூடம் திறந்துவிட்டார்கள்,
இனி எனக்கு ஓட்டத் தூரமில்லை.

துருவுக்காக இரண்டு லட்சம் துக்ரிக் குறைக்கிறேன்.
அதற்குக் கீழே இறங்கமாட்டேன்.
நோட்டு வண்டியோடு சேர்த்தி.
கிளம்பும்போது சக்கரத்தில் பால் தெளிப்பேன், அது என் செலவு.

சரி, உட்காருங்கள். பொத்தானை அழுத்துங்கள்.

ஆமாம், அவள்தான்.
நீங்கள் ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை.